சபூறாவின் பேய்ச்சோறு

சபூறாவின் கையால் பேய் தின்னாத பிள்ளை ஒன்று அந்த வருஷம் சாய்ந்தமருதில் இருந்திருந்தால், அது பல் முளைக்காத பிள்ளையாகத்தான் இருந்திருக்க வேண்டும். பல் முளைத்ததெல்லாம் அவள் வளவுக்கு வந்துவிட்டது. வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி, "மாமி, இண்டைக்கு என்ன பேய்?" என்று கேட்கும். அவளும் சளைக்காமல் ஏதாவது ஒரு பெயரை எடுத்து விடுவாள். கொள்ளிவாய்ப் பேய், ஒற்றைக்கண் ஜின், தலை கழன்ற முண்டம் என்று வாய்க்கு வந்ததெல்லாம் அவள் சட்டிக்குள் வந்து விழுந்தன.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் தொடங்கிய விளையாட்டு அது. ஊரில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் ஏறி இருந்தார்கள். நிவாரணம் என்று கோதுமை மா வந்தது. மாவைத் தவிர வேறொன்றும் வரவில்லை. மூன்று நாளாக வெறும் றொட்டியைத் தின்று அலுத்துப்போன அவளுடைய மகன் சாலிஹ், நாலாம் நாள் அதைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். ஆறு வயதுப் பிள்ளை. அடிக்கக் கையை ஓங்கிய சபூறாவுக்கு என்ன தோன்றியதோ, அடுத்த றொட்டியில் விரலால் இரண்டு கண்ணும் ஒரு வாயும் குத்தி, கண்ணைச் சுற்றிக் கருக விட்டு எடுத்து, அவன் முகத்துக்கு நேரே பிடித்து ஆட்டினாள்.

"இவன் உன்னத் தின்ன வந்த பேய். நீ முந்தாட்டி இவன் முந்திருவான். பிஸ்மி சொல்லிக் கடி, செத்துப்போவான்."

சாலிஹ் பிஸ்மி சொல்லிப் பேயின் காதைக் கடித்தான். அழுதுகொண்டிருந்த மற்றப் பிள்ளைகளெல்லாம் தங்களுக்கும் பேய் வேண்டும் என்று வந்து சூழ்ந்துவிட்டன. அன்று மாலைக்குள் அந்தப் பள்ளிக்கூடத்தில் அறுபது பேய்கள் செத்தன. மார்க்கத்தில் உருவம் செய்வது ஆகாதே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்த பள்ளிவாசல் லெப்பை, குர்ஆன் ஓதப் போகக் கள்ளம் அடிக்கிற பயல்களெல்லாம் வரிசையாக இருந்து பிஸ்மி சொல்வதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

வெள்ளம் வடிந்தது. விளைச்சல் வெள்ளத்தோடு போனது. சபூறா வீடு வீடாக நெல் குத்திக் கொடுத்துப் பிழைத்தவள். நெல்லே இல்லாத ஊரில் அவளை யார் கூப்பிடுவார்கள்? அவளுடைய புருஷன் றஸாக் அவளுக்குத் தலாக் சொல்லிவிட்டு மருதமுனையில் வேறு கலியாணம் முடித்து அப்போது இரண்டு வருஷமாகியிருந்தது. அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் அவன். ஓலைக் கூரை அவளுக்கு மிஞ்சியது, கூரைக்குக் கீழே அடுப்பில் வைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. கருவாட்டு வியாபாரமும் சொந்த லொறியும் உள்ள அந்தப் பெரிய மனிதன், பெருநாளைக்குப் பெருநாள் பிள்ளைக்கு ஒரு சட்டை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தகப்பனுடைய கடமையைத் தான் ஒரு குறையுமில்லாமல் செய்கிறதாக வேலியோரம் நின்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்லிவிட்டுப் போவான். சட்டையை அவித்துத் தின்ன முடியாது என்று அவனுக்குத் தெரியாமலா இருந்தது?

அரிசி இருந்த நாளில் சபூறா பேசாமல் சோறு ஆக்கினாள். அரிசி இல்லாத நாளில் பேய் செய்தாள். மரவெள்ளிக் கிழங்கை விரல் விரலாக வெட்டி அவித்து, நுனியில் வெங்காயச் செதிலை நகமாகச் செருகி, மிளகாய் இடித்த கட்டச்சம்பலில் தோய்த்து வைத்தால் அது சைத்தானின் கை. குரக்கன் மாவைக் கறுக்கப் பிசைந்து தட்டி, வாயைக் கிழித்து, அதற்குள் மிளகாயைச் சிவக்க அரைத்து வைத்தால் கொள்ளிவாய்ப் பேய். அவித்த பலாக்கொட்டைகள் ஒற்றைக்கண் ஜின்னின் பல். "தின்னு மகன், அது உன்னப் பாக்கிது" என்பாள். சாலிஹ் தின்பான். அவன் தின்னும்போது இவள் கொல்லைக்குப் போய் ஏதாவது வேலை செய்வாள். தனக்கு வைக்கப் பேய் மிஞ்சாத நாள்களில் இவளுக்கு வேலை அதிகம். பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது, அவன் விளையாட்டுத்தான் விளையாடுகிறான் என்று அவள் உறுதியாக நம்பினாள். அந்த நம்பிக்கை மட்டும் இல்லாவிட்டால் அவளால் அந்த வருஷத்தைத் தள்ளியிருக்க முடியாது.

பிறகு பணக்கார வீடுகளுக்கு இந்தப் பேய் பிடித்தது. நிறைய வயல் வைத்திருந்த ஒரு போடியார் வீட்டில் மகனுக்குச் சுன்னத்து விருந்து. சின்னப் பிள்ளைகளைத் தனியாக இருத்திச் சாப்பாடு கொடுக்க வேண்டும், புரியாணியை எவனும் ஏறெடுத்துப் பார்க்கிறானில்லை, சபூறாவைக் கூப்பிடு என்று ஆள் வந்தது. அங்கே அவளுக்குக் கை நிறையச் சாமான் கிடைத்தது. தேங்காய்ச் சிரட்டைக்குள் சோற்றை அழுத்திக் கவிழ்த்தால் மொட்டைத் தலை. பொரித்த இறால் இரண்டு கண்ணுக்கு, முருங்கையிலைச் சுண்டல் மயிருக்கு, கீறிய தேங்காய்ச் சொட்டு பல்லுக்கு. இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டுச் சட்டியில் சரித்தால் ஜின்னின் குடல். பிள்ளைகள் கத்திய கத்தலில் பெரிய ஆள்களின் விருந்து பாதியில் நின்றது. வளையல் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பெரிய வீட்டுப் பெண்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "எங்கயிருந்துகா உனக்கு இந்த எண்ணமெல்லாம் வருது?" என்று ஒருத்தி கேட்டாள். வெறும் பானைக்குள்ளிருந்து வருகிறது என்று சொல்ல சபூறாவின் நாக்கு துடித்தது. சிரித்து மழுப்பினாள். முந்தானையில் இரண்டு கொத்து அரிசியைக் கட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் சாலிஹுக்குச் சோறு. மூன்றாம் நாள் வழக்கம்போல் மரவெள்ளி விரல்.

சாலிஹுக்கு ஏழு வயது முடிகிற மாதத்தில் றஸாக் வந்தான். இந்த முறை கையில் சட்டை இல்லை.

"மரைக்காமாரிட்டச் சொல்லிட்டன்" என்றான். "வாற வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிய இருப்பாங்க. ஏழு வயசானாப் புள்ளட வாயாலயே கேக்கிறதுதான் முறை. உம்மாவோட இருக்கப் போறானா, வாப்பாவோட வரப் போறானா எண்டு அவன் சொல்லட்டும்."

முறைதான். ஏழு வயது வரைக்கும் பிள்ளை தாயிடம் வளரும், அதற்குப் பிறகு பள்ளிவாசல் மரைக்காமார் முன்னால் பிள்ளையை நிறுத்திக் கேட்பார்கள், அவன் கை காட்டுகிற பக்கம் போக வேண்டியதுதான். றஸாக்கின் இரண்டாம் மனைவி நபீலாவுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். கருவாட்டுக் கடையில் உட்கார வைக்க அவனுக்கு ஒரு மகன் தேவைப்பட்டான். தேவைப்பட்டதும் மகன் ஒருவன் ஏற்கெனவே இருப்பது அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"கேளுங்க" என்றாள் சபூறா. "நல்லாக் கேளுங்க."

அவளுக்குப் பயமே வரவில்லை. பக்கத்து வளவில் இருந்த பெரியம்மா மகள் றுகையாதான் பயந்தாள். கொஞ்ச நாளாக வெள்ளிக்கிழமைகளில் றஸாக் பிள்ளையை லொறியில் ஏற்றி மருதமுனைக்குக் கொண்டுபோய் வருவதை அவள் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"கவனம்கா சபூறா. அங்க ரெண்டு நேரமும் அடுப்பெரியுது. புள்ளைக்கு என்ன தெரியும், வயிறு போற பக்கம் போவான்."

"அடுப்பெரிஞ்சாப் போதுமா ராத்தா? அங்கயிருந்து வந்தா ஒரு வார்த்த அந்த ஊட்டப் பத்திக் கதைக்கானா? வாய்க்குப் புடிச்சிருந்தாக் கதைக்க மாட்டானா? அவருக்கிட்ட லொறி இரிக்கி. பேய் இரிக்கா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். றுகையா சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஒரு விருந்து வைப்பது என்று சபூறா தீர்மானித்தாள். மறுநாள் மரைக்காமார் முன்னால் நிற்கும்போது மகனின் நெஞ்சில் அந்த ஆரவாரம் அடங்காமல் இருக்க வேண்டும். சாலிஹோடு ஓதுகிற பன்னிரண்டு பேருக்கும் சொல்லியனுப்பினாள். போடியார் வீட்டில் மூன்று நாள் மாடாக உழைத்து, கூலியாக நல்ல சம்பா அரிசியே கேட்டு வாங்கி வந்தாள். இருந்த இரண்டு கோழியையும் லெப்பையிடம் கொடுத்து அறுத்தெடுத்தாள். அந்த வீட்டில் சோறும் கோழியும் ஒரே நாளில் அவிந்து எத்தனை காலம்! வாசனை வேலி தாண்டிப் போயிற்று, ஓதப் போயிருந்த சாலிஹ் வருவதற்குள் காற்றோடு கரைந்தும் போயிற்று.

சோற்றையும் கறியையும் அப்படியே இலையில் வைத்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. ஆனால் அவள் சபூறா. கோழியை எலும்பில்லாமல் பிய்த்துப் பிரட்டி, சிரட்டைக்குள் சோற்றுக்கு நடுவில் மூளையாக ஒளித்து வைத்தாள். தலையைக் கவிழ்த்து, மேலே குரக்கன் மாவைக் கரைத்துப் பூசிக் கறுப்பாக்கினாள். இவ்வளவு பயங்கரமான பேயை அவள் அதற்கு முன் செய்ததில்லை. சுற்றிவர மரவெள்ளி விரல்களை நட்டாள், தலை மண்ணுக்குள்ளிருந்து கையைக் கிளப்பிக்கொண்டு வருகிற மாதிரி. பதின்மூன்று இலையிலும் பதின்மூன்று தலை. எழுந்து நின்று பார்த்தபோது அவளுக்கே மயிர் கூச்செறிந்தது. றஸாக் ஏழு லொறி வாங்கினாலும் இப்படி ஒரு தலையைச் செய்வானா என்று நினைத்துக்கொண்டாள்.

பயல்கள் வந்தார்கள். இலையைக் கண்டதும் கூரை பறக்கக் கத்தினார்கள். சாலிஹ் வாசலில் நின்று பார்த்தான். உள்ளே வந்து தன் இலைக்கு முன்னால் குந்தினான். அந்தக் கறுத்த தலையையும் மரவெள்ளி விரல்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இலையை அப்படியே பக்கத்துப் பயலிடம் தள்ளினான்.

"நீ தின்னு. எனக்குப் பசிக்கல்ல."

"எங்க மகன் போற?" என்று சபூறா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"கரவல இழுக்காங்க. பாத்துட்டு வாறன்."

ஓடிவிட்டான். அவன் வேலியைத் தாண்டிப் போன பிறகுதான் ஒரு பயல் தலையைப் பிளந்து, "டேய், உள்ளுக்குக் கோழிடா!" என்று அலறினான். பன்னிரண்டு பேரும் பதின்மூன்று தலையை நக்கி முடித்தார்கள். கூட்டாளிக்குத் தன் பங்கைக் கொடுத்துவிட்டுப் போகிற மனசைப் பார், பெரிய மனிதன் மாதிரி என்று சபூறா பூரித்துப்போனாள். கடலில் வலை இழுப்பதைப் பார்க்காத பிள்ளையா அவன், கடற்கரையிலேயே பிறந்தவன். அது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. பொழுதுபட்டு மஃரிபுக்குத் திரும்பி வந்தவன் ஒரு சிரட்டைத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தான். மிஞ்சியிருந்தது ஒன்றுமில்லை, அவளும் தின்னவில்லை.

வெள்ளிக்கிழமை தலைமை மரைக்காரின் வீட்டு விறாந்தையில் நாலு மரைக்காமாரும் இருந்தார்கள். றஸாக் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஒரு கதிரையில் இருந்தான். பெண்கள் பக்கத்துக்குச் சீலை கட்டி மறைத்திருந்தது. சீலைக்குப் பின்னால் சபூறாவும் றுகையாவும் நின்றார்கள். சீலை மெல்லியது. நடுவில் நிற்கிற சின்ன உருவத்தின் நிழல் தெரிந்தது.

"மகன், பயப்புடாமச் சொல்லு" என்றார் தலைமை மரைக்கார். "ஒருத்தரும் உனக்கு ஏச மாட்டாங்க. உம்மாவோட இருக்கியா? வாப்பாவோட போறியா?"

"வாப்பாவோட போறன்."

யோசிக்கக்கூட இல்லை. எங்கோ காத்துக்கொண்டிருந்து கேட்டதும் சொன்ன மாதிரிச் சொன்னான். றுகையா சபூறாவின் கையைப் பிடித்தாள். சபூறா கையை உதறினாள். ஆண்கள் இருக்கிற இடத்தில் குரல் காட்டக்கூடாது என்கிற அடக்கமெல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கே போனதோ தெரியாது.

"ஏன் மகன்?" என்று சீலைக்குள்ளிருந்து கத்தினாள். "நான் என்ன குறை வெச்சன் உனக்கு? ஒரு நாளாவது அடிச்சிருக்கனா? சொல்லு!"

"அதெல்லாம் கேக்கத் தேவையில்ல, புள்ள சொல்லிட்டான்" என்றார் இன்னொரு மரைக்கார். ஆனால் சாலிஹ் சீலையின் பக்கம் திரும்பிவிட்டான். உம்மா கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று அவள்தானே பழக்கியிருந்தாள்.

"வாப்பாட ஊட்ட சோறு சோறாத்தான் இரிக்கி உம்மா" என்றான். "நீங்க பேய் செஞ்சா ஊட்ட அரிசி இல்லண்டு எனக்குத் தெரியும். எந்நாளும் தெரியும். நேத்தும் பேய்தானே செஞ்சிங்க."

றஸாக் தொண்டையைச் செருமிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"நேத்து உள்ளுக்குக் கோழி இரிந்திச்சு, மகன்" என்றாள் சபூறா. அவளுடைய சத்தம் இறங்கிப்போயிருந்தது. "சம்பாச் சோறு. ரெண்டு கோழி."

"எனக்குத் தெரியாதே" என்றான் பிள்ளை.

அன்றே அவனுடைய இரண்டு சட்டையையும் ஓதுகிற கிதாபையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். லொறி மருதமுனைக்குப் போகக் கல்முனைப் பக்கம் திரும்பும் வரைக்கும் வேலியடியில் நின்றாள். பிறகு உள்ளே போய், பேய் செய்து தேய்ந்த சிரட்டைகளையெல்லாம் எடுத்து அடுப்பில் போட்டாள். அவளுக்குத் தன் கையின்மேலேயே கோபம். எந்நாளும் தெரியும் என்றானே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. அந்த வருஷம் முழுக்க அவள் அவனை ஏமாற்றியதாக நினைத்திருக்க, ஏழு வயதுப் பயல் அவளை ஏமாற்றியிருக்கிறான். தின்று, சிரித்து, பிஸ்மியும் சொல்லி. அதற்குப் பிறகு விருந்துக்குக் கூப்பிட வந்தவர்களிடமெல்லாம் கை நோவு என்று சொல்லித் திருப்பினாள்.

நோன்புப் பெருநாள் வந்தது. பெருநாளைக்கு மறுநாள் தன் வீட்டுக்கு முப்பது பிள்ளைகள் வருகிறார்கள், எல்லாரும் பேய்ச்சோறு கேட்கிறார்கள், சபூறா ராத்தா வருவாவா என்று கேட்டு நபீலா றுகையாவிடம் ஆளனுப்பினாள். நபீலா கெட்டவளாக இருந்திருந்தால் சபூறாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கெட்டவள் இல்லை. "புள்ளயையும் பாத்துட்டுப் போகலாமே" என்று அவள் சொல்லியனுப்பியதில் ஒரு குத்தலும் இல்லை. மாட்டேன் என்று சொல்லத்தான் சபூறா வாயைத் திறந்தாள். வாறன் என்று வந்துவிட்டது.

நபீலாவின் கல்வீட்டின் பின்புறம் பெரிய குசினி. இவள் முகம் முழுக்கப் புதையுமளவுக்குப் பெரிய பானையில் சோறு. சபூறா முப்பது பீங்கானில் முப்பது மொட்டைத் தலையைக் கவிழ்த்தாள். கண் வைத்தாள், பல் வைத்தாள். முப்பத்தோராவது பீங்கானில் மட்டும் வெறும் சோற்றைப் பரப்பி, நெய் விட்டு, கோழித் தொடை ஒன்றைப் பெரிதாகப் பார்த்து எடுத்து மேலே வைத்தாள்.

"இது சாலிஹுக்கு" என்றாள்.

"அவருக்குப் பேய் வேணாமா ராத்தா?"

"வேணாம். அவர் தின்னமாட்டார். சோறாக் குடுங்க."

நபீலா கொண்டுபோனாள். முன் அறையில் பிள்ளைகளின் கூச்சல் கிளம்பியது. ஒரு நிமிஷத்தில் நபீலா அதே பீங்கானோடு திரும்பி வந்தாள். தொடை வைத்தபடியே இருந்தது.

"அழுறார் ராத்தா. எல்லாருக்கும் பேய், எனக்கு மட்டும் என்னத்துக்கு வெறுஞ் சோறு எண்டு கேக்கார். பெரிய தலையா வேணுமாம்."

சபூறா அந்தப் பீங்கானை வாங்கி ஒதுக்கி வைத்தாள். சிரட்டையை எடுத்து, சோற்றை அள்ளி அழுத்தினாள். இறால் கண் இரண்டு, கீரை மயிர், தேங்காய்ப் பல். கை தானாகச் செய்தது. நபீலா அதைக் கொண்டுபோனதும் முன் அறையிலிருந்து சாலிஹின் குரல் மற்ற எல்லாக் குரலுக்கும் மேலே எழும்பி வந்தது. மூச்சு முட்டுகிற மாதிரிச் சிரித்தான். சிரிப்பு நிற்பதும் மறுபடி வெடிப்பதுமாக இருந்தது. சபூறா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தச் சிரிப்பை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. இதுதான் இவனுடைய சிரிப்பு என்றால், தன் வீட்டில் ஒரு வருஷமாக அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவளுக்கு அந்தப் பெரிய சோற்றுப் பானையைக் காலால் உதைத்துக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது.

நபீலா மறுபடி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னொண்டு வேணுமாம் ராத்தா."

சபூறா குனிந்து சோற்றை அள்ளினாள்.